டிரம்மில் குடியேறிய மாதா

"டம்" என்று வர வேண்டிய இடத்தில் "டம்வவ்வவ்வவ்" என்று வந்தது.

கொடியேற்றத்து மாலை அது. கோயில் முற்றம் கொள்ளாத கூட்டம். கொடி பாதிக் கம்பம் ஏறியிருந்தது. மல்லிகையும் சாம்பிராணியும் கடற்காற்றோடு கலந்து மூக்கில் ஏறுகிற நேரம். நாங்கள் ஏழு பெண்கள் வரிசையாக நின்றிருந்தோம். நீலப் புடவை, தலையில் தொப்பி, காலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை ஷூ. எங்கள் மாதா கோயில் பங்கின் முதல் பெண்கள் பேண்டு.

என் கையில் சிம்பல். அதாவது இரண்டு பித்தளைத் தட்டுகள். வேறு எதுவும் வாசிக்க வராது என்பதால் எனக்குக் கொடுத்த உத்தியோகம்.

பெரிய டிரம்மை நெஞ்சில் மாட்டியிருந்த ஜெசிந்தா அக்கா இரண்டாவது அடி அடித்தார். "டம்வவ்வவ்வவ்." தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு எருமை கத்தியது போல இருந்தது. கொடிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த, கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் அண்ணாந்த முகத்தை இறக்கி எங்களைப் பார்த்தார். கொடியும் அப்படியே நின்றது.

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு அதன் அம்மா. பிறகு முற்றமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்ததில் கை நழுவி, சிம்பல் தப்பான இடத்தில் "ஜ்ஜாங்" என்று மோதியது. அதற்கு இன்னொரு சுற்றுச் சிரிப்பு.

இந்தத் தொடரில் இதுவரை வாசகர்களை அழ வைத்தது போதும் என்கிறார் என் வீட்டுக்காரர் சேவியர். அதனால் இந்த வாரம் ஒரு டிரம்மைப் பற்றி எழுதுகிறேன். எந்தக் கோயில், எந்த வருடம் என்று கேட்காதீர்கள். முகக்கவசத்தைக் கழற்றி நாலு பேர் மூஞ்சியை நாலு பேர் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயிலின் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் ஃபாதர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்.

முதுகைப் பார்த்தது போதும்

நெல்லித்தோப்பில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஜெசிந்தா அக்காவின் மாவு மில். நாள் முழுக்க மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி அவர் குரல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. காதோடு காதாக அவர் சொல்கிற ரகசியம் அடுத்த தெருவில் கேட்கும்.

எங்கள் திருவிழாத் தேர் பவனியில் தேருக்கு முன்னால் பேண்டுக்காரர்கள் போவார்கள். வருடா வருடம் வருகிற ஆண்கள் பேண்டு. பெண்கள் நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டு தேருக்குப் பின்னால் நடப்போம். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அதுதான் வழக்கம்.

ஒரு நாள் மிளகாய்த் தூள் வாங்கப் போன என்னிடம் அக்கா திடீரென்று சொன்னார்.

"டீச்சர், எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து நான் மாதாவோட முதுகைத்தான் பாத்துகினு நடக்குறேன்."

"தேருக்குப் பின்னாடி நடந்தா முதுகுதானக்கா தெரியும்."

"அதாஞ் சொல்றேன். இனிமே கொஞ்ச நாளு அவ என் முதுகைப் பாக்கட்டும். நான் முன்னாடி போறேன். டிரம்மு அடிச்சிகினு போறேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மிளகாய் நெடியில் எனக்குக் கண் எரிந்தது. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் மில்லிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு மிளகாய் நெடி ஒன்றும் செய்யாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

ஃபாதரிடம் பேசப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "நீ படிச்சவ, இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை போடு" என்று. ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குப் பிறவிக் குணம். பேசி முடித்து வெளியே வந்தபோது நானும் பேண்டில் இருந்தேன்.

அரியாங்குப்பத்தில் கலைந்து போன ஒரு பள்ளிக்கூட பேண்டின் சாமான்கள் கிடைத்தன. சைடு டிரம்கள், சிம்பல், பிறகு அந்தப் பெரிய டிரம். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தோல். பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். சேவியர் அதை ஸ்கூட்டரின் பின்னால் கட்டி ஆற்றுப்பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்தார். காற்று பிடித்துத் தள்ளியதில் பாலம் முழுக்கப் பாய்மரக் கப்பல் போல வந்ததாக இன்றுவரை சொல்லிக்கொள்கிறார்.

இரண்டு பக்கமும் ஜனம்

வெறும் டிரம்மோடு மாதாவுக்கு முன்னால் போவதா? அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. டிரம்மின் மேல் மாதா இருக்க வேண்டும் என்றார். அதுவும் இரண்டு பக்கமும்.

"தெருவுக்கு ரெண்டு பக்கமும் ஜனம் நிக்குது. ஒரு பக்கம் மட்டும் மாதா இருந்தா அடுத்த பக்கம் கோவிச்சிக்காதா?"

நியாயம்தான். இந்தக் காரியம் என் சிநேகிதி நூர்ஜஹானிடம் போனது. எங்கள் தெருவிலேயே ஜரிகை வேலை செய்கிற குடும்பம். கல்யாணப் பட்டு ரவிக்கைகளில் அவள் கை பட்டால் ரவிக்கையைப் பார்ப்பதா பெண்ணைப் பார்ப்பதா என்று மாப்பிள்ளை வீட்டார் குழம்புவார்கள்.

"உருவம் தைக்கிறது எங்க வழக்கத்துல இல்ல ஸ்டெல்லா. படத்தை நீங்க அச்சடிச்சிக் கொண்டாங்க. சுத்தி இருக்கிற வேலை என்னுது" என்றாள்.

படம் துணியில் அச்சாகி வந்தது. கைகளை நெஞ்சில் குவித்து நிற்கிற மாதா, இடுப்பு வரைக்கும். நூர்ஜஹான் அதை நீல வெல்வெட் வட்டத்தில் பதித்து, சுற்றி நட்சத்திரம், நட்சத்திரத்தைச் சுற்றிப் பூங்கொடி, கொடியைச் சுற்றி முத்து என்று நிறுத்தத் தெரியாமல் தைத்துக்கொண்டே போனாள். சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு வட்டங்கள். கையில் வாங்கியபோது தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு கனம்.

ஃபாதர் இரண்டையும் செபம் சொல்லி மந்திரித்துக் கொடுத்தார். ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. எங்கே ஒட்டுவது? நடுவில்தான் அடி விழும். அதனால் நடுவை விட்டுவிட்டு, மேல்பக்கமாக, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒட்டினோம். மாதா மேலே, அடி கீழே. எவ்வளவு மரியாதையான ஏற்பாடு!

அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது. ஆனால் கொடியேற்றத்தன்று எனக்கு அது உறைக்கவில்லை. ஃபாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், தேருக்கு முன்னால பக்தி வரணும். இன்னைக்கு வந்தது சிரிப்பு. தேர் பவனிக்குள்ள அதைச் சரி பண்ணுங்க. இல்லேன்னா எப்பவும் வர்றவங்களுக்கே சொல்லிடுறேன்."

தேர் பவனிக்கு முந்தைய நவநாள் செபங்கள் முடிய இருந்த சில நாட்கள்தான் எங்களுக்குக் கெடு. தூரத்தில் அக்கா டிரம்மைக் கழற்றாமல் கம்பத்தடியில் நின்றிருந்தார். ஃபாதர் சொன்னது அவர் காதில் விழவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

காலாப்பட்டில் ஒரு மத்தியான வகுப்பு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு ஒன்று இருந்தது. தயிர்சாதமும் கடற்காற்றும் சேர்ந்து கண்ணைச் சொருக வைக்கிற வகுப்பு. அதில் ஒரு நாள் பேராசிரியர் பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டு, "இது டிரம். இது எப்படி ஆடும்?" என்றார். தூங்கிக்கொண்டிருந்தவர்களில் நான் மட்டும் விழித்தேன். என்னவோ, அந்தக் கேள்வி பிடித்துப் போயிற்று.

விளிம்பில் இறுக்கிக் கட்டிய வட்டத்தோல். அடித்தால் அது ஒரு விதமாக மட்டும் ஆடுவதில்லை. தோல் மொத்தமும் மேலே எழும்பிக் கீழே இறங்குவது ஒரு ஆட்டம், மூச்சு விடுகிற வயிறு மாதிரி. நடுவில் ஒரு கோடு அசையாமல் நிற்க, ஒரு பாதி மேலே போகும்போது மறுபாதி கீழே போவது இன்னொரு ஆட்டம். பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடுகிற ஏற்றப்பலகைதான் அது. இரண்டு கோடுகள் குறுக்கே ஓடி, அடையை நாலாக வெட்டினது போல நாலு துண்டாக ஆடுவது மற்றொன்று. நடுவட்டம் மேலே போனால் சுற்று வளையம் கீழே போவது வேறொன்று. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரே அடியில் இத்தனையும் சேர்ந்து ஆடும்.

வீணைக் கம்பியும் இப்படிப் பல விதமாக ஆடும். ஆனால் கம்பியின் ஆட்டங்கள் ஒழுங்கானவை. ஒன்று, அதற்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கணக்காகப் போகும். காதுக்கு அது ஒரே சுரமாகக் கேட்கும். டிரம்மில் அந்த ஒழுங்கு இல்லை. ஏற்றப்பலகை ஆட்டம் முதல் ஆட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிக வேகம். அடுத்தது இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டி. ஒன்றோடொன்று ஒட்டாத கூட்டுக்குடும்பம்.

அப்போது எனக்குப் பின் பெஞ்சிலிருந்து தூக்கம் கலையாத ஒரு குரல் கேட்டது. "அப்ப பாவம் சார், டிரம்முக்குச் சுருதியே கிடையாதா?"

இரண்டு வருடத்தில் அந்தப் பையன் கேட்ட ஒரே கேள்வி அது. அந்த "பாவம்" என்ற சொல்லுக்காகத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் எல்லாவற்றையும் பாவம் என்று சொல்வார். வேகாத இட்லியைக்கூட.

நெய் ரவை

கொடியேற்றத்துக்கு மறுநாள் டிரம் என் வீட்டுக் கூடத்துக்கு வந்தது, கூடவே அக்காவும் நூர்ஜஹானும். முதலில் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். தோல் ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் இருக்கும், அதனால்தான் குரல் நடுங்குகிறது என்று சொல்லி, சுற்றியிருந்த திருகுகளை எல்லாம் ஒரே அளவு முறுக்கினேன். ஒரே அளவு முறுக்கினால் ஒரே இறுக்கம் வந்துவிடுமா? ஒவ்வொரு திருகும் ஒவ்வொரு வயது, ஒவ்வொரு துரு. "டம்வவ்வவ்" என்றிருந்தது "டம்வ்வ்வ்வ்" என்று ஆனது. எருமைக்குக் குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

மறுபடி உட்கார்ந்து, ஒவ்வொரு திருகின் ஓரத்திலும் தட்டிக் கேட்டு இறுக்கத்தைச் சமன் செய்தேன். குளிர்காய்ச்சல் நின்றது. பழைய எருமை அப்படியே இருந்தது.

சரி, தோல் எப்படி ஆடுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். டிரம்மை இரண்டு முக்காலிமேல் படுக்க வைத்தேன். அடியில் சேவியரின் உயிரினும் மேலான ஸ்பீக்கர். போனில் எந்தச் சுருதியையும் ஊதித் தருகிற ஒரு ஆப். தோல்மேல் ரவையைத் தூவினால், ஆடுகிற இடத்திலிருந்து ரவை துள்ளி ஓடி, ஆடாத இடத்தில் போய் உட்காரும். ஆடாத கோடு எங்கே என்று ரவையே காட்டிக்கொடுத்துவிடும்.

"அக்கா, கொஞ்சம் ரவை கொண்டு வாங்க" என்றேன். அங்கேதான் தப்பு. வீட்டில் நாலு பேர் கூடியிருக்கும்போது எங்கள் ஊரில் யாரிடமாவது ரவை கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

அக்கா ஒரு சட்டி நிறைய ரவையை நெய்யில் வறுத்து, மணக்க மணக்கக் கொண்டு வந்தார். நானும் யோசிக்காமல் தூவிவிட்டேன். ஸ்பீக்கர் "ஊ" என்றது. ரவை அசையவே இல்லை. தோலோடு ஒட்டிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தது.

"இன்னா டீச்சர், கேசரி இன்னும் கெளறலியா?" என்றார் அக்கா.

நூர்ஜஹான் சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேவியர் ஒட்டிய ரவையை விரலால் வழித்து வாயில் போட்டு, "சர்க்கரை பத்தல, பாவம்" என்றார்.

தோலைத் துடைத்து, பச்சை ரவையைத் தூவினேன். சுருதியை மெல்ல ஏற்றினேன். முதலில் ரவை முழுவதும் விளிம்புக்கு ஓடியது. இன்னும் ஏற்றினேன். திடீரென்று ரவை எல்லாம் துள்ளி, ஊர்ந்து, வட்டத்தின் குறுக்கே நேராக ஒரு கோடாகப் படுத்தது. மாதா ஒரு பக்கம், மறுபக்கம் காலி.

அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "யாரு டீச்சர் கோடு போட்டது?"

"பொறுங்கக்கா." சுருதியை ஒரு நூல் அளவு ஏற்றினேன். கோடு கலைந்தது. மறுபடி கூடியது. இந்த முறை செங்குத்தாக, சரியாக மாதாவின் நடுவே புகுந்து போயிற்று. நான் எழுந்து நின்று குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் உத்தரத்தைத் தட்டினார்.

விஷயம் இதுதான். சீரான வட்டத்தில் ஏற்றப்பலகை எந்தத் திசையில் ஆடினாலும் ஒரே வேகம். ஆனால் எங்கள் டிரம்மில் ஒரு ஓரத்தில் ஜரிகைக் கனம். அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற ஆட்டம் கொஞ்சம் நிதானமாகப் போகிறது. கனத்தின் வழியாகவே கோடு போட்டு, மாதாவை அசைக்காமல் ஆடுகிற ஆட்டம் கொஞ்சம் வேகமாகப் போகிறது. இரண்டு சைடு டிரம்காரிகள் மயிரிழை வித்தியாசத்தில் அடித்தால் சேர்வதும் பிரிவதுமாகக் கேட்குமே, அப்படி இந்த இரண்டு ஆட்டமும் சேர்ந்து பிரிந்து, சேர்ந்து பிரிந்து, "வவ்வவ்வவ்".

"அப்ப என் ஜரிகைதான் குத்தமா?" நூர்ஜஹான் தரையிலிருந்து எழுந்தாள். "ஜரிகைன்னா கனமாத்தான் இருக்கும். காத்துலயா நட்சத்திரம் தைக்க முடியும்?"

"குத்தம் ஜரிகையில இல்லடி. இடத்துலதான். மாதாவை எடுத்துடணும். இல்லேன்னா சரியா நடுவுல வைக்கணும். நடுவுல வச்சா எந்தப் பக்கம் ஆடினாலும் கோடு அவ வழியாத்தான் போகும். ரெண்டு ஆட்டமும் ஒரே வேகத்துக்கு வந்துடும்."

அக்கா மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மந்திரிச்ச படத்தை எப்படி டீச்சர் பிச்சிப் போடறது?"

"அப்ப நடுவுல வைக்கலாம்."

"நடுவுல வச்சா மாதா நெஞ்சுல அடிக்கச் சொல்றியா நீ?"

சேவியர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் பார்வையைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"வேணாம் டீச்சர். எனக்குக் குடுப்பினை இல்ல. நான் பின்னாடியே நடந்து போறேன்." புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனார்.

என்னவோ விளையாட்டுப் போல ஆரம்பித்தது, அவருக்கு விளையாட்டே இல்லை. இந்த அம்மாளை மறுபடி தேருக்குப் பின்னால் போக விட்டால் என் எம்.எஸ்ஸி.யைக் கொண்டுபோய்க் கடலில் போடலாம் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"யாரு உங்களை நடுவுல அடிக்கச் சொன்னது? நில்லுங்க!" என்று கத்தினேன். அவர் குரலுக்குச் சமமாக நான் கத்தியதும் அன்றைக்குத்தான்.

ஹேர் டிரையரைக் கொண்டுவந்து பசையைச் சூடு காட்டினோம். ஒரு முத்து உதிராமல் இரண்டு மாதாவையும் நூர்ஜஹானே உரித்து எடுத்தாள். அளந்து, சரியாக நடுவில் ஒட்டினாள். மிருதங்கத்தின் நடுவில் கருப்பாக வட்டமாய் அப்பியிருப்பார்களே, அது அங்கே இருப்பதும் இந்தக் கனத்துக்காகத்தான். நடுவில் கனம் இருந்தால், மொத்தத் தோலும் எழும்பி இறங்குகிற ஆட்டம் நிதானமாகிறது. மற்ற ஆட்டங்களோடு ஒரு கணக்குக்குப் பக்கத்தில் வருகிறது. ஒட்டாத கூட்டுக்குடும்பம் ஒரு பந்தியில் உட்காரத் தொடங்குகிறது.

"இப்ப முத்து வரிசைக்கு வெளியே, விளிம்புக்கும் மாதாவுக்கும் நடுவுல அடிங்க. அவங்க மேல படாது. அந்த இடத்துல அடிச்சாத்தான் ஏற்றப்பலகை நல்லா ஆடும்."

அக்கா தயங்கித் தயங்கி மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தள்ளி ஒரு அடி கொடுத்தார்.

"தோம்ம்ம்."

நடுக்கம் இல்லை. எருமை இல்லை. கீழே கனமும் மேலே இனிமையுமாக ஒரு நீண்ட குரல். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கூடவே ரீங்கரித்தன. கீழ்வீட்டுக்காரர் உத்தரத்தைத் தட்டவில்லை. மேலேறி வந்து வாசலில் நின்று, "என்ன மேளம் இது?" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாயங்காலம் வரை அடித்துக்கொண்டே இருந்தார்.

தேர்

ஃபாதர் வந்து கேட்டார். தலையை ஆட்டினார். ஆனாலும் சூடு கண்ட பூனை அவர்.

"நல்லாருக்கு டீச்சர். நம்பிக்கை இருக்கு. இருந்தாலும் எப்பவும் வர்ற பேண்டையும் வரச் சொல்லியிருக்கேன். வேன்ல பின்னாடி வருவாங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் கையைத் தூக்குவேன். அவங்க முன்னாடி வந்துடுவாங்க. நீங்க ஒதுங்கிக்கணும்."

அவர் சொன்னபடியே, தேர் பவனியன்று சாயங்காலம் தேருக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வந்தது. உள்ளே சிவப்புச் சட்டையில் ஆண்கள் டிரம்பெட்டோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஃபாதர், அவருக்குப் பின்னால் விளக்கும் பூவுமாக மாதாவின் தேர்.

முதல் தெருவில் "தோம்" என்று புறப்பட்டோம். ஜனம் திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. மாடியிலிருந்து பூ விழுந்தது. அக்காவின் முதுகு நிமிர்ந்திருந்தது. என் சிம்பல்கூட ஒழுங்காகப் பேசியது.

இரண்டாவது தெரு முனையில் மெழுகுவத்தி பிடித்து நின்ற ஒரு பெண், எங்களை நெருங்கி வந்து, டிரம்மின் மேலிருந்த மாதாவின் நெஞ்சில் ஒற்றை விரலை வைத்து, அதை உதட்டில் ஒற்றி முத்திக்கொள்ளப் போனாள். விரல் அங்கே இருக்கும்போதே அக்காவின் அடி விழுந்தது.

டிரம்மின் குரல் மாறிவிட்டது. "தோம்" என்ற அடிக்கனம் போய், "தீம்ம்" என்று மேலே, தெளிவாக, மணி போல ஒரு சுரம். அந்தப் பெண் விரலை எடுத்துக்கொண்டு விழித்தாள். "மாதா பாடினாங்க" என்றாள்.

எனக்கு உச்சந்தலை சிலிர்த்தது. குரல் ஏன் மாறியது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. நடுவில் விரல் வைத்தால், நடுவை எழுப்புகிற ஆட்டம் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் ஏற்றப்பலகைக்கு நடு எப்போதுமே அசையாத இடம். அங்கே விரல் இருப்பதே அதற்குத் தெரியாது. அது மட்டும் தனியாகப் பாடுகிறது! காலாப்பட்டில் பலகையில் பார்த்தது, என் கண் முன்னால், நடுத்தெருவில், மெழுகுவத்தி வெளிச்சத்தில்!

ஆனந்தப்பட நேரம் கிடைக்கவில்லை. "மாதா பாடினாங்க" என்ற சொல் தெருவில் தீயாய்ப் பரவியது. தெருவின் இரண்டு பக்கமும் இருந்த ஜனம் டிரம்மின் இரண்டு பக்கமும் பாய்ந்தது. ஒருவர் முத்தைத் தொட்டார், ஒருவர் நட்சத்திரத்தை, ஒருவர் கைக்குழந்தையின் உள்ளங்கையை எடுத்து விளிம்பில் வைத்தார். அக்கா அடித்தார்.

"டப்."

ஈரத் துணியில் அடித்தது போல. மறுபடி அடித்தார். "டப்." தோல் முழுக்க உள்ளங்கை. எந்த ஆட்டமும் ஆட வழியில்லை. அக்கா முகம் வெளுத்துவிட்டது. சைடு டிரம்கள் தாளம் தவறி நின்றன. ஊர்வலம் நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். ஃபாதரின் வலது கை மேலே போய்க்கொண்டிருந்தது. வேன் கதவு திறந்தது. சிவப்புச் சட்டைகள் இறங்கின.

சிம்பல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு அக்காவின் காதில் கத்தினேன். "அக்கா! நடுவுல ஒத்தை விரல் வச்சாப் பாடும்! ஓரத்துல கை வச்சாச் செத்துடும்!"

"நடுவுலன்னா?"

"மாதா நெஞ்சுல!"

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்து, மாவு மில்லின் அத்தனை மெஷினையும் மீறுகிற அந்தக் குரலை அப்படியே தெருவில் அவிழ்த்துவிட்டார்.

"எல்லாரும் கையை எடு! ஓரத்துல தொடாத! ஒவ்வொருத்தரா வா! ஒத்தை வெரலு! மாதா நெஞ்சுல வையி!"

தெரு ஸ்தம்பித்தது. கைகள் பின்வாங்கின. ஒற்றை விரல் ஒன்று நீண்டது. அக்கா அடித்தார். "தீம்ம்ம்." அடுத்த விரல். "தீம்ம்ம்." விரல் இல்லாதபோது "தோம்ம்", விரல் வந்தால் "தீம்ம்". சைடு டிரம்கள் தாமாகவே தாளத்தில் சேர்ந்துகொண்டன. தோம் தோம் தீம். தோம் தோம் தீம். வரிசை நகர நகர ஊர்வலமும் நகர்ந்தது. நான் சிரித்தேன், அழுதேன், என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. சிம்பலை மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தேன். வேனிலிருந்து இறங்கியவர்கள் டிரம்பெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்களும் வரிசையில் நின்றார்கள்.

ஃபாதரின் கை இன்னும் மேலேயே இருந்தது. பாவம், அதை இறக்க மறந்துவிட்டார். மெல்ல எங்கள் பக்கம் நடந்து வந்தார். அக்கா அடிப்பதை நிறுத்தவில்லை. அவர் கண் ஃபாதரின் முகத்தில் இருந்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பயம்.

தூக்கிய கையை ஃபாதர் இறக்கினார். ஒற்றை விரலை நீட்டி மாதாவின் நெஞ்சில் வைத்தார்.

அக்கா இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு அடி கொடுத்தார். "தீம்ம்ம்" என்று தெருக்கோடி வரை போயிற்று. ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். விரலை எடுக்கவில்லை. இன்னொரு அடி. எடுக்கவில்லை. இன்னொன்று.

"சாமி, கையை எடுங்க" என்றார் ஜெசிந்தா அக்கா. "பின்னாடி மாதா காத்துகினு இருக்கா."